அம்மம்மாவின் சிங்கர்: உயிர்ப்பிப்பதா, தலையை மாற்றுவதா, அப்படியே பேணுவதா?

சென்ற சில மாதங்களில் மூன்று வீடுகளுக்கு ஒரே வேலையாகப் போய்வந்தேன். ஒன்று கொட்டாஞ்சேனையில், ஒன்று வெள்ளவத்தையில், ஒன்று தெஹிவளையில். மூன்றிலும் வரவேற்பறை மூலையிலோ பால்கனியிலோ ஒரு மிதி தையல் இயந்திரம் நின்றது. அதன்மேல் மடித்துப் போட்ட பழைய சேலை, சேலையின்மேல் பூச்சாடி. துணியை விலக்கினால் கறுப்பு இரும்பில் பொன்னிறப் பூவேலை பாதி தெரியும். சக்கரத்தைத் தொட்டால் அசையாது. "அக்கா, இதைத் திருத்தலாமா, வேறு தலை போடலாமா, இல்லை இப்படியே விட்டுவிடலாமா?" என்று மூன்று வீட்டிலும் கேட்டார்கள்.

தலை என்பது மேசைமேல் நிற்கும், தைக்கும் இரும்புப் பகுதி. மூவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அந்தக் காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இயந்திரம் திருத்துபவள் அல்ல, தைத்துப் பிழைப்பவள். பாடசாலைச் சீருடை, சேலை ஓரம், இரவிக்கை என்று என் நாள் போகிறது. என் அம்மம்மாவின் இயந்திரம் பருத்தித்துறையிலிருந்து லொறியில் கொழும்புக்கு வந்தபோது, அடிநூலைத் தாங்கி ஓடும் ஷட்டிலும் முன்பக்கத் தகடும் வழியில் தொலைந்துவிட்டன. செத்துப்போன இரண்டு இயந்திரங்களிலிருந்து பாகம் எடுத்து அதை ஓடவைக்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. அதற்குப் பிறகு உறவினர்களுக்காக இன்னும் மூன்றைத் திருத்தினேன். இதில் நான் கற்றதெல்லாம் அந்த நான்கு இயந்திரங்களும் கற்றுக்கொடுத்தவை.

முதலில் ஐந்து கேள்விகள்

விலையைப் பற்றி யோசிக்கும் முன் இவற்றுக்குப் பதில் தேடுங்கள். இயந்திரம் எந்த வகை? பாகம் குறைகிறதா, அல்லது இறுகிப்போய் மட்டும் இருக்கிறதா? வார்ப்பிரும்பு உடல் முழுமையாக இருக்கிறதா? அதில் என்ன தைக்கப் போகிறீர்கள்? அதன் பூவேலை உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?

முதல் கேள்விதான் மற்றவற்றைத் தீர்மானிக்கிறது. எனவே அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877 இல். கொழும்பில் நான் திறந்து பார்த்த பழைய இயந்திரங்கள் எல்லாமே ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் பிறந்தவை. 1880களின் நடுப்பகுதியிலிருந்து 1980 வரை ஓடிய அந்தத் தொழிற்சாலையின் பெயரில் அங்கே ஒரு ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது. உங்கள் இயந்திரத்தின் அடித்தட்டில் வலப்பக்கமாக ஓர் எண் பொறித்திருக்கும். 1900க்குப் பிறகு வந்தவற்றில் எண்ணுக்கு முன் ஆங்கில எழுத்து உண்டு. எஃப், ஜே, வை ஆகியவை கிளைட்பேங்க் எழுத்துகள். ஈ.ஏ. போல ஈயில் தொடங்கும் இரட்டை எழுத்து இருந்தால் அது 1935 இலோ அதன் பிறகோ வந்தது.

வயதைத் தெரிந்துகொள்வது மகிழ்ச்சி தரும். ஆனால் பாகம் தேடப் போகும்போது உதவுவது எண் அல்ல, அடிநூல் சுற்றும் பொபின். அடித்தட்டின் தகட்டை நகர்த்திப் பாருங்கள். உள்ளே துப்பாக்கி ரவை போன்ற வடிவில் ஷட்டிலும், அதற்குள் மெல்லிய குச்சி போன்ற நீண்ட பொபினும் இருந்தால் உங்களுடையது சிங்கரின் 27, 28, 127, 128 என்ற வகை எண்கள் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஷட்டில் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடித் தைக்கும். வட்டமான பொபின், ஒரு கூட்டுக்குள் அடங்கி, இடப்பக்க ஓரத்தில் நிமிர்ந்து நின்றால் அது 15ஆம் வகை. வட்டப் பொபினை மேலிருந்து குழிக்குள் போட வேண்டியிருந்தால் பெரும்பாலும் 66, சில வீடுகளில் 201.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? 15ஆம் வகையை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியத் தொழிற்சாலைகள் அப்படியே பிரதி செய்தன. பிறகு சீனத் தொழிற்சாலைகளும் செய்தன. அதனால் அதன் பொபின், பொபின் கூடு, நூல் இறுக்கும் வில் எல்லாம் இன்றும் புதிதாகவே செய்யப்படுகின்றன. புறக்கோட்டையில் தையல் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆடும் ஷட்டில் குடும்பத்துக்கு அந்த வசதி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. நீண்ட பொபினைக் கேட்டால் இளம் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அங்கேதான் செத்த இயந்திரங்களைத் தேட வேண்டிய தேவை பிறக்கிறது.

ஊசி விடயத்தில் மட்டும் அதிர்ஷ்டம் நம் பக்கம். மேலே சொன்ன வகைகள் எல்லாமே இன்று வீட்டு இயந்திரங்களுக்கு விற்கும் சாதாரண ஊசியையே ஏற்கும். பொருத்தும் திசை மட்டும் வகைக்கு வகை மாறும். திசை தவறினால் ஒரு தையல்கூட விழாது. நல்ல இயந்திரங்கள் இந்த ஒரே காரணத்துக்காகப் பழுது என்று ஒதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அசையாத இயந்திரத்தைச் செத்த இயந்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். பல ஆண்டு எண்ணெய் பிசினாகி மூட்டுகளில் உறைந்திருக்கும். நம் வீடுகளில் கைக்கு எட்டிய தேங்காய் எண்ணெயை விட்டவர்களும் உண்டு. அது காலப்போக்கில் பசைபோல் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தை வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருந்து, மெதுவாக அசைத்துப் பார்த்து, மறுநாளும் அதையே செய்யுங்கள். ஷட்டில் ஓடும் இடத்தில் சுற்றிக்கொண்ட பழைய நூலை ஊசிமுனையால் எடுத்துவிடுங்கள். அசைவு வந்ததும் தையல் இயந்திர எண்ணெயை விட வேண்டும், ஏனென்றால் மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்குமே தவிர தேய்மானத்தைத் தடுக்காது. நான் திருத்திய நான்கில் இரண்டு ஒரு வாரத்துக்குள் இப்படியே இளகிவிட்டன. ஒரு பாகமும் வாங்கவில்லை.

இந்த ஒரு வாரப் பொறுமை முடியும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, உடல். மேசையில் தலையைப் பிணைக்கும் கீல்களைச் சுற்றியும் கைப்பகுதி அடித்தட்டோடு சேரும் இடத்திலும் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வார்ப்பிரும்பு விரிந்தால் வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் கிடையாது. நெருப்பு வைத்து ஒட்டினால் பூச்சும் பூவேலையும் கருகும், உடல் நெளியவும் கூடும். மீதி இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு வழியோடும் சேர்த்துப் பார்ப்போம்.

முதல் வழி: செத்த இயந்திரங்களிலிருந்து பாகம் எடுத்து அதே தலையை உயிர்ப்பித்தல்

என் மனம் இந்தப் பக்கமே சாயும். அதனாலேயே இதன் தொல்லைகளைக் கூடுதலாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

ஓர் இயந்திரத்தின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்பது எப்போதும் இருந்த வசதி அல்ல. ஒரே அளவில் பாகங்களைச் செய்து மாற்றிப் போடும் முறை அமெரிக்கத் துப்பாக்கிப் பட்டறைகளில் வளர்ந்தது. சிங்கர் அதை முழுமையாக ஏற்கத் தாமதித்தது. 1880கள் வரை அதன் தொழிலாளர்கள் பாகங்களை அரத்தால் ராவி, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனியே பொருத்தினார்கள். ஆகவே உங்கள் இயந்திரம் அந்தக் காலத்துக்கும் முந்தையது என்றால், அதே வடிவப் பாகம் கிடைத்தாலும் ஒரு மயிரிழை முட்டும் அல்லது ஆடும். 1900க்குப் பிந்தையவற்றில் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. என் 127க்குள் ஒரு 28இன் ஷட்டில்தான் ஓடுகிறது. பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல ஓடுகிறது.

துப்பாக்கியும் தையலும் இன்னோர் இடத்திலும் சந்திக்கின்றன. நெம்பித் தோட்டா ஏற்றும் ரைபிளுக்குப் பெயர் போன ஒலிவர் வின்செஸ்டர், ஆயுதத் தொழிலுக்கு வருமுன் அமெரிக்காவின் நியூ ஹேவனில் சட்டைத் தொழிற்சாலை நடத்தியவர். அவருடைய பெயர் தாங்கிய பழைய ரைபிள்களைச் சேர்ப்பவர்கள், எல்லாப் பாகமும் பிறந்தபடியே இருக்கும் ஒன்றுக்குத் தரும் விலையைப் பல ரைபிள்களின் பாகங்களைக் கூட்டிச் செய்த ஒன்றுக்குத் தருவதில்லை. தையல் இயந்திரத்துக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவர எனக்கு விருப்பம் இல்லை. இது கோடிக்கணக்கில் செய்யப்பட்ட பொருள். பெரும்பாலானவற்றுக்கு அரும்பொருள் விலை கிடையாது. விற்பதற்காகத் திருத்துகிறவர் போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது கடினம். தைப்பதற்காகத் திருத்துகிறவருக்கு ஷட்டில் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது பொருட்டே அல்ல.

பாகம் எங்கே கிடைக்கும்? பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன இடம். தையல் இயந்திரத்துக்கு நேராக அங்கே போகாதீர்கள். அங்கே எனக்குக் கிடைத்தது நல்ல திருப்புளி மட்டுமே. நான் தேடியவை பழைய இரும்பு சேர்ப்பவர்களிடமும், வயதான திருத்துநர்களின் கடைப் பின்புறத் தகரப் பெட்டிகளிலும், "எங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது" என்று சொன்ன தெரிந்தவர்களின் களஞ்சிய அறைகளிலும் கிடைத்தன. கடைசி வகைதான் மிகச் சிறந்தது. அதில் இழுப்பறைகளும் சேர்ந்தே வரும். இழுப்பறைக்குள் துணியை அழுத்தும் பழைய பாதங்கள், பொபின்கள், சில வேளைகளில் ஒரு முழு ஷட்டில்கூட இருக்கும்.

செத்த இயந்திரத்தை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? முதலில் ஷட்டிலின் முனை. அது கூர்மையாகவும் நகம் வழுக்கும்படி மழமழப்பாகவும் இருக்க வேண்டும். துருக்குழி இருந்தால் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும், எந்தப் பாலிஷும் உதவாது. அடுத்து, அடித்தட்டின் நகரும் தகடுகள். எளிதில் கழன்று தொலைபவை அவைதாம். முழு அளவு இயந்திரத்துக்கும் முக்கால் அளவுக்கும் தகடு மாறலாம், எனவே உங்களுடையதைக் காகிதத்தில் வரைந்து வெட்டிக் கையில் கொண்டுபோங்கள். மூன்றாவது, திருகாணிகள். இது சிறிய விடயம் போலத் தோன்றும், ஆனால் அதிக நாசம் நடப்பது இங்கேதான். சிங்கர் தன் திருகாணிகளுக்குத் தனக்கே உரிய புரி வைத்திருந்தது. இன்றைய மில்லிமீற்றர் திருகாணி முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். இன்னும் அழுத்தினால் நூறாண்டுப் புரி அழிந்துவிடும். செத்த இயந்திரம் கிடைத்தால் அதன் திருகாணி ஒவ்வொன்றையும் ஒரு போத்தலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் அந்தப் போத்தல் நகைப்பெட்டிக்குச் சமம்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஓடக்கூடிய ஓர் இயந்திரத்தைப் பாகத்துக்காகப் பிரிக்காதீர்கள். மலிவாகக் கிடைத்தாலும் கூடாது. உடல் விரிந்தது, வெள்ளத்தில் கிடந்து உள்ளே அரித்தது, யாரோ ஏற்கெனவே பாதி பிரித்துவிட்டது, இவைதாம் பாகத்துக்கு உரியவை. இறுகிப்போனதைச் செத்தது என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரியும்.

மறைந்திருக்கும் செலவுகள் பாகத்தின் விலையில் இல்லை. ஒரு ஷட்டிலுக்காகப் பஸ்ஸில் ஆறு முறை போய்வருவீர்கள். செத்த இயந்திரத்தின் மிச்ச உடல், பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்பு, உங்கள் மாடிக் குடியிருப்பின் ஒரு மூலையை மாதக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். தோல் வார் புதிதாக வேண்டும். மழைக்காலத்தில் அது நெகிழும், வெட்டித் திரும்ப இணைக்க வேண்டும். மேசையின் மெல்லிய மேற்பலகை ஈரத்தில் உரிந்திருந்தால் தச்சருக்கும் கூலி உண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போலக் கடற்காற்று நேரே அடிக்கும் வீடுகளில் நிக்கல் பூசிய பாகங்கள் திருத்திய பிறகும் துருப்பிடிக்கும். மாதம் ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால் எல்லா வேலையும் வீண்.

இனிப் பூவேலை. கறுப்புப் பூச்சின் மேலிருக்கும் அந்தப் பொன்னிற ஒட்டுப்படங்களை ஷெலாக் என்ற அரக்குப் பூச்சு மூடியிருக்கிறது. மதுசாரம் பட்டால் அது கரைந்துவிடும். ஒரு திருத்துநரிடம் என் உறவினர் ஒருவரின் இயந்திரத்தைக் கொடுத்தோம். அதன் அடித்தட்டில் எகிப்திய ஸ்பிங்ஸ் உருவங்கள் சிறகு விரித்திருந்தன. அவர் நல்ல எண்ணத்தோடுதான் ஸ்பிரிட்டில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தார். பளபளப்பாகத் திரும்பி வந்தது. ஸ்பிங்ஸ் ஒன்றுகூட இல்லை. அந்த அக்கா ஒன்றும் பேசாமல் அடித்தட்டைத் தடவிக்கொண்டே நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே யாரிடம் கொடுத்தாலும், பூச்சின்மேல் தையல் இயந்திர எண்ணெயும் பஞ்சும் தவிர வேறெதுவும் படக்கூடாது என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள். மறுபூச்சுப் பூசிப் புதிய ஒட்டுப்படம் போடலாம் என்று சொல்வார்கள். நான் அதை விரும்புவதில்லை. உங்கள் அம்மம்மாவின் கை உரசி உரசிப் பொன்னிறம் தேய்ந்த இடம் எது என்று பழைய பூச்சில்தான் தெரியும்.

இந்த வழி யாருக்குச் சிறந்தது? உடல் முழுமையாக இருந்து, குறைவது ஷட்டில், தகடு, பொபின் சுற்றும் கருவி போன்ற கழற்றி மாட்டும் பாகங்கள் மட்டும் என்றால் தயங்காமல் இறங்குங்கள். உடனே தைத்தாக வேண்டும் என்ற அவசரம் இருப்பவருக்கு இது சரிவராது.

இரண்டாம் வழி: பழைய மேசையில் வேறு தலை

பலருக்குத் தெரியாத வசதி ஒன்று உண்டு. சிங்கரின் முழு அளவுத் தலைகளான 15, 27, 66, 127, 201 எல்லாவற்றுக்கும் அடித்தட்டின் அளவு ஒன்றே. ஜப்பானியப் பிரதிகளும் சீனப் பிரதிகளும் அதே அளவைப் பின்பற்றின. மேசையில் இருக்கும் இரண்டு கீல் ஊசிகளின் திருகாணிகளைத் தளர்த்தி, பழைய தலையைத் தூக்கி, புதியதை இறக்கலாம். அரை மணி நேர வேலை. 28, 128, 99 ஆகியவை முக்கால் அளவு. அவை அந்தக் குழிக்குள் நிற்காது.

அன்றாடம் தைப்பவருக்கு என் நேர்மையான பரிந்துரை இதுவே. ஓடும் நிலையில் உள்ள 15ஆம் வகைத் தலை ஒன்றைப் போட்டால் பொபின் பிரச்சினை தீர்ந்தது. பிற்காலத்தவையாக இருந்தால் பின்னோக்கித் தைக்கும் வசதியும் கிடைக்கும். ஆடும் ஷட்டில் இயந்திரங்களில் அது கிடையாது. தையலின் முடிவில் துணியைத் திருப்பித்தான் பூட்ட வேண்டும். எந்தத் தலையானாலும் நேர்த் தையல் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். இழுபடும் பின்னல் துணி தைப்பவருக்கு இந்த வரிசையில் எதுவும் உதவாது.

தலையை வாங்கும்போது ஒரு துண்டு பருத்தித் துணியும் சொந்த நூலும் கொண்டுபோங்கள். கடைக்காரர் தைத்துக் காட்டுவதைப் பார்த்து வாங்காதீர்கள், நீங்களே தைத்துப் பாருங்கள். மெல்லிய துணியில் ஓர் அடி, நான்காக மடித்த துணியில் ஓர் அடி. இரண்டிலும் அடித்தையல் சுருண்டு குவியாமல் இருந்தால் போதும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே வேறுவகை. கழற்றிய தலையை என்ன செய்வீர்கள்? சீமெந்துத் தரையில் பழைய கடதாசியில் சுற்றி வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் துரு ஏறும். வேறு தலை போட்ட வீடுகளில் பழைய தலை ஒருநாள் யாரும் சொல்லாமலே இரும்புக்குப் போய்விடுகிறது. போனபிறகுதான் வருத்தம் வருகிறது. எனவே தலையை மாற்றும் அன்றே பழையதற்கு எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, இடம் ஒதுக்கிவிடுங்கள்.

மோட்டார் பூட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடலில் மோட்டாருக்கென்று வார்த்த புடைப்பும் துளையும் இருந்தால் மட்டும் யோசியுங்கள். இல்லாத உடலில் துளை போடக் கூடாது. பழைய மோட்டாரின் வயர் உறை வெடித்திருந்தால் மாற்றாமல் சொருக வேண்டாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பியது என்றால் அது 110 வோல்ட், நம் வீட்டில் 230. எனக்கு மிதிப்பலகையே போதும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாதபோது, மெழுகுதிரி வெளிச்சத்தில் அம்மம்மாவின் இயந்திரத்தில்தான் சீருடைகளை முடித்துக் கொடுத்தேன். அயலில் எந்த மின் இயந்திரமும் ஓடவில்லை.

மூன்றாம் வழி: ஓடவைக்காமல் பேணுதல், அல்லது கொடுத்துவிடுதல்

உடல் விரிந்துவிட்டது என்றால், அல்லது வீட்டில் யாரும் தைக்கப் போவதில்லை என்றால், இதுவே நேர்மையான முடிவு. ஆனால் பேணுதல் என்பது பூச்சாடி வைப்பது அல்ல. சாடியிலிருந்து கசியும் தண்ணீர் மேற்பலகையை உரிக்கும், தலையில் துருவை வளர்க்கும். தோல் வாரைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒரு முறை இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றுங்கள். மேசைக் கால்களைத் தரையின் ஈரத்திலிருந்து உயர்த்துங்கள். கறையான் முதலில் இழுப்பறையின் பின்பலகையில்தான் ஏறும், அங்கே பாருங்கள். தலையைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புக் காலின்மேல் கண்ணாடி போட்டு உணவு மேசையாக்குவதை இப்போது நிறையப் பார்க்கிறேன். அந்த வீடுகளுக்குப் போனால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

கொடுத்துவிடுவதும் குறைவான வழி அல்ல. விரிந்த உடலுக்குள் நல்ல ஷட்டிலும் நான்கு நல்ல தகடும் இருக்கலாம். யாரோ ஒருவர் ஒன்றரை ஆண்டாகத் தேடிக்கொண்டிருப்பார். என் இயந்திரம் இன்று ஓடுவது அப்படி இரண்டு குடும்பங்கள் மனம் வைத்ததால்தான்.

ஒரே பார்வையில்

| | பாகம் சேர்த்து உயிர்ப்பித்தல் | வேறு தலை போடுதல் | பேணுதல் அல்லது கொடுத்தல் |
|---|---|---|---|
| உடல் விரிந்திருந்தால் | வேண்டாம் | ஏற்றது | ஏற்றது |
| 15ஆம் வகை, பாகம் குறைவு | எளிது, புதிய பாகமே கிடைக்கும் | தேவையில்லை | தேவையில்லை |
| ஆடும் ஷட்டில் வகை, பாகம் குறைவு | முடியும், பொறுமை வேண்டும் | அவசரமானால் நல்லது | தைப்பவர் இல்லையென்றால் |
| முக்கால் அளவு உடல் | முடியும், தகட்டை அளந்து வாங்கவும் | முழு அளவுத் தலை பொருந்தாது | ஏற்றது |
| ஆகும் காலம் | மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கு மேல் | தலை கிடைத்தால் ஒரு நாள் | உடனடி, ஆனால் பராமரிப்பு தொடரும் |
| பணம் போகும் இடம் | பயணம், கூலி, வார், தச்சு வேலை | தலையின் விலை | எண்ணெய் மட்டும் |
| எதை இழக்கலாம் | கவனம் தவறினால் பூவேலை, திருகாணிப் புரி | பழைய தலை | தைக்கும் வசதி |

அந்த மூன்று வீடுகள்

வெள்ளவத்தை வீட்டில் இருந்தது ஒரு 15. இறுகியிருந்தது, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் சக்கரம் சுற்றியது. பொபின் கூடு ஒன்றும் ஊசிகளும் புறக்கோட்டையில் வாங்கினோம். அந்த வீட்டுப் பெண் பிள்ளை இப்போது தன் பாடசாலைப் பையைத் தானே தைக்கிறாள்.

தெஹிவளையில் இருந்த 66இன் கீல் அருகே, உள்ளங்கை நீளத்துக்கு விரிசல். குடும்பத்தலைவி வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்து உழைப்பவர்; காத்திருக்க அவரால் முடியாது. ஜப்பானியப் பிரதி ஒன்றின் தலையை அதே மேசையில் இறக்கினோம். பழைய தலை எண்ணெய் தடவிய துணிக்குள், அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அதன் பாகங்களைத் தேவைப்படுபவருக்குக் கொடுக்கலாம் என்று அவரே சொன்னார். ஆனால் பெயர்த்தகட்டைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

கொட்டாஞ்சேனை வீட்டுக் கதை இன்னும் முடியவில்லை. அது 27. உடல் முழுமை, பூவேலை அழகாக இருக்கிறது, மண்ணெண்ணெய்க்கு இளகியும் விட்டது. பின்தகடும் பொபின் சுற்றும் கருவியும் இல்லை. தகட்டைத் திறந்தபோது ஷட்டில் உள்ளேயே இருந்தது. அதற்குள் நீண்ட பொபினில் பாதி நூல், மங்கிய மஞ்சள் நிறம். எண்பது வயதைத் தாண்டிய அந்த அம்மா அதை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, அது தன் கடைசி மகளின் நடன உடுப்புக்குச் சுற்றிய நூல் என்று சொன்னார். பொபினை அப்படியே கடதாசியில் மடித்து வைத்துவிட்டு, வேறு பொபின் தேடித் தரும்படி என்னிடம் கேட்டார். தகட்டின் அளவை வரைந்து வெட்டிய காகிதம் என் கைப்பையில் இருக்கிறது. வரும் சனிக்கிழமை கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு பழைய இரும்புக்காரரிடம் போகிறேன்.